புதைந்த நகரும் பூர்ச்சப்பட்டை ஓலைகளும்

(நம் சங்கத்தின் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

    

 பள்ளிச் சிறுவர்க்குத் தமிழ் கற்பித்தலையே தொழிலாகக் கொண்ட எம்மை இம்மேடைமீது ஏற்றிய செயலாளர் அவர்கள், "நம் முன்னோர் பெருமை" என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு பணித்தார்கள். பல ஆண்டுகளாக இக்கூட்டத்தில் இப்பொருள்பற்றிப் பெரியோர் பலர் பேசக் கேட்டிருக்கிறோம். நம்மவர் இன்ன வேந்தர் வழியினர், இன்ன படைத்தலைவர்க்கு உறவினர் என்று அவர்கள் நாட்டிய கூற்றுக்களை மறுப்பது எமது கருத்தன்று. ஆயினும் அவற்றைக் கேட்குந்தோறும் எம் உள்ளத்தில் ஓர் ஐயம் எழுவதுண்டு. நம் முன்னோருள் வேந்தராயிருந்தார் ஒருவரோ இருவரோ ஆவர். எஞ்சிய பல்லாயிரவர் உழுதும், நெய்தும், விற்றும், வாங்கியும், மக்களைப் பெற்று வளர்த்தும் மறைந்தனர். அவர்தம் பெருமையை எதனைக்கொண்டு அறிவது? கல்வெட்டு அவர்களைப் பாடவில்லை; காப்பியம் அவர்களைப் பேசவில்லை. அவர்கள் இருந்தார்கள் என்பதற்கு நாம் இருக்கிறோம் என்பதன்றி வேறு சான்று உண்டா?

இவ்வினாவிற்கு விடை தேடி உங்களை நெடுந்தொலைவு அழைத்துச் செல்ல எண்ணுகிறோம். ரஷ்ய நாட்டின் வடமேற்கே, பனி மிகுந்த நிலத்தில் உள்ளது அவ்வூர். நமக்கும் அதற்கும் குலத்தொடர்பு இல்லை, மொழித்தொடர்பு இல்லை, வணிகத்தொடர்பும் இருந்ததாகச் சொல்ல யாம் துணியோம். ஆயினும் அவ்வூர் மண்ணை அகழ்ந்தபோது நிகழ்ந்தது, நம்மனோர் அறிந்து கொள்ளத்தக்க பாடமாகும்.

ஊரும் பேரும்

அந்நகரின் பெயர் நோவ்கோரத். அச்சொல்லுக்குப் புதிய நகரம் என்பது பொருள். நம் நாட்டில் புதூர் என்று பெயர் பெற்ற பழமையான ஊர்கள் பல இருத்தல்போல, அதுவும் பெயரால் புதியது, வயதால் ஆயிரம் ஆண்டைக் கடந்தது. 1999-ஆம் ஆண்டு முதல் "பெரிய" என்னும் அடைமொழியும் சேர்த்து வெலிக்கி நோவ்கோரத் என்று அரசாங்கத்தாரால் வழங்கப்படுகிறது. இல்மேன் என்னும் ஏரியினின்று புறப்பட்டு வடக்கு நோக்கிச் செல்லும் வோல்கவ் ஆறு அந்நகரை இரு கூறாகப் பிரிக்கின்றது. மேற்குக் கரையில் கோட்டையும், 1045 முதல் 1050 வரை கட்டப்பெற்ற சோபியா பேராலயமும் உள்ளன. கிழக்குக் கரை அங்காடிப் பக்கம். செருமானிய வணிகர்க்கும் கோத்லாந்துத் தீவு வணிகர்க்கும் அங்கே தனித்தனி மனைகள் இருந்தன. நகர் ஐந்து பகுதிகளாய் வகுக்கப்பட்டிருந்தது. அவற்றுள் ஒன்றற்குத் தச்சர் பகுதி என்று பெயர். மற்றொன்றற்குக் குயவர் பகுதி என்னும் பெயரும் உண்டு.

1136-ஆம் ஆண்டில் அந்நகரத்தார் தம் இளவரசனை வெளியேற்றினர். அதன்பின் உடன்படிக்கை பேசியே இளவரசரை வரவழைத்துக் கொண்டனர். மணியோசை கேட்டு மக்கள் ஓரிடத்திற் கூடி ஊர்க்காரியங்களை முடிவு செய்யும் அவையும் அங்கிருந்தது. 1478-ஆம் ஆண்டில் மாஸ்கோ வேந்தன் மூன்றாம் இவான் நகரைத் தன்னடிப்படுத்தி, அம்மணியையும் மாஸ்கோவிற்குக் கொண்டுபோயினான். பின்னர் இரண்டாம் உலகப்போரில் 1941 முதல் 1944 சனவரி வரை செருமானியப் படை அங்கே தங்கியது. அது நீங்கியபோது நகரிற் பெரும்பகுதி இடிந்து கிடந்தது.

இவை யாவும் ஏட்டு வரலாறு. சமயத்துறவியர் எழுதி வைத்த ஆண்டுக் குறிப்பு நூல்களில் இளவரசர் வந்ததும் போனதும், ஆலயம் எழுந்ததும் எரிந்ததும், பஞ்சமும் போரும் உண்டு. ஆனால் தச்சர் பகுதியில் ஒரு தச்சன் என்ன உண்டான், அவன் மனைவி யாருக்காகக் கண்ணீர் வடித்தாள், அவன் மகன் எங்கே எழுத்தறிந்தான் என்பவற்றை அவை பேசவில்லை. அவற்றைப் பேசியது மண்.

மண்ணின் அடுக்குகள்

மாஸ்கோப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் ஆர்த்தெமி அர்த்சிகோவ்ஸ்கி 1932-ஆம் ஆண்டில் அந்நகரில் அகழ்வாராய்ச்சி தொடங்கினார். மக்கள் இன்றும் வாழும் நகரை அகழ்வதென்பது பாழ்மேட்டை அகழ்வது போன்றதன்று. மேலே வீடும் தெருவும் தோட்டமும் இருக்கும். இடங்கிடைத்த மூலையிலேதான் தோண்ட இயலும். இத்தனை ஆண்டு உழைத்தும் பழைய நகரில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கே அகழப்பட்டுள்ளது என்பர்.

மக்கள் ஓரிடத்தில் நிலையாக வாழ்வாராயின், அவர்தம் காலடியில் நிலம் வளரும். மரத்துண்டும், செதுக்கிய சிராயும், சாணமும், சாம்பலும், உடைந்த கலமும் ஆண்டுதோறும் சேர்ந்து அடுக்காகும். நோவ்கோரத்தில் இவ்வடுக்கு 7 மீட்டர் ஆழம்வரை உள்ள இடங்களும் உண்டு. அவ்வூர் நிலம் களிமண் கலந்தது, நீர் வடிவதில்லை. நீர் நிறைந்த மண்ணுள் காற்றுப் புகாது. காற்றின்றேல் பொருளை மக்கச் செய்யும் நுண்ணுயிர்கள் வாழமாட்டா. ஆதலின் பிற ஊர்களில் மண்ணோடு மண்ணாகும் மரமும், தோலும், துணியும், மரப்பட்டையும் அங்கே ஆயிரம் ஆண்டு கிடந்தும் கெடவில்லை. நீர் வடிந்து உலர்ந்த மேலடுக்குகளிலோ அவை பெரும்பாலும் அழிந்தன. ஊரார் வெறுத்த சேறு ஊரின் வரலாற்றைக் காத்தது என்க.

அச்சேற்றினால் துன்புற்ற நகரத்தார் தெருக்களுக்கு மரத்தளம் இட்டனர். நீளவாட்டில் விட்டங்களைக் கிடத்தி, அவற்றின்மேல் பிளந்த பைன் மரங்களைக் குறுக்காக அடுக்கினர். சில ஆண்டுகளில் சேறு அத்தளத்தை மூடும். அதன்மேற் புதிய தளம் இடுவர். "பெருந்தெரு" என்னும் பொருளுடைய ஒரு தெருவில் இங்ஙனம் ஒன்றன்மேல் ஒன்றாக 28 தளங்கள் இருந்தன. அவற்றுள் அடித்தளம் 953-ஆம் ஆண்டினது. மேற்றளம் 1462-ஆம் ஆண்டினது. ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுக்கு ஒருமுறை, ஐந்நூறு ஆண்டுக்காலம், அத்தெருவார் தம் தெருவைத் தாமே புதுப்பித்து வந்துள்ளனர். ஓர் ஊரார்க்கு இதனினும் சிறந்த மெய்க்கீர்த்தி வேண்டுமோ?

மனைகளைச் சூழ்ந்த வேலிகளின் அடிமரங்களும் கிடைத்தன. வீடு எரிந்தாலும், மீண்டும் கட்டினாலும், மனையின் எல்லை நூற்றாண்டுக் கணக்கில் பெரிதும் மாறாமல் இருந்துள்ளது. பாகப்பிரிவினைக்காகச் சாண் நிலத்திற்கும் வழக்காடும் நமக்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

மரம் சொன்ன கணக்கு

இத்தனை நுட்பமாக ஆண்டைச் சொல்வது எங்ஙனம் என நீவிர் வினவலாம். மரத்தை அறுத்துப் பார்ப்பின் வளையங்கள் தோன்றும். ஆண்டுக்கு ஒரு வளையம். நல்ல பருவத்தில் வளையம் அகன்றும், தீய பருவத்தில் ஒடுங்கியும் அமையும். ஒரே நிலப்பகுதியில் ஒரே காலத்தில் வளர்ந்த மரங்கள் எல்லாவற்றிலும் இவ்வரிசை ஒத்திருக்கும். முதிய மரத்தின் இளமைக்கால வளையங்களை அதற்கு முந்திய மரத்தின் கடைசி வளையங்களோடு பொருத்திப் பார்த்து, நூற்றாண்டுகளைச் சங்கிலிபோல் தொடுக்கலாம். கட்டிய ஆண்டு ஏட்டிற் காணப்படும் ஆலயங்களின் அடித்தளத்து மரங்களை எடுத்து, அச்சங்கிலியை உரிய ஆண்டோடு பிணைக்கலாம். போரிஸ் கோல்ச்சின் என்னும் அறிஞர் 1959-ஆம் ஆண்டு தொடங்கி இவ்வேலையைச் செய்தார். அதனால் ஒரு தளத்தின்மேற் கிடந்த சீப்புக்கும், செருப்புக்கும், ஓலைக்கும் காலம் குறிக்க வழியுண்டாயிற்று.

அகழ்வாரும் கண்டபடி தோண்டினாரல்லர். நிலத்தை இருபுறமும் இரண்டு மீட்டர் உள்ள கட்டங்களாகப் பகுத்து, 20 சென்டிமீட்டர் கனமாக ஒவ்வோர் அடுக்காய் நீக்கி, எப்பொருள் எக்கட்டத்தில் எவ்வாழத்திற் கிடந்தது என்று எழுதினர். இடமும் ஆழமும் குறியாமல் எடுத்த பொருள் அழகிய பொம்மையேயன்றிச் சான்றாகாது. இதனை நினைவிற் கொள்ளுமாறு வேண்டுகிறோம்; பின்னர் இதற்கு வருவோம்.

1951-ஆம் ஆண்டு சூலை 26-ஆம் நாள்

நகரின் நேரெவ் பகுதியில் 1951-இல் ஓர் அகழ்வு தொடங்கி 1962 வரை நடைபெற்றது. அங்கே வேலைக்கு வந்த அவ்வூர்ப் பெண் நீனா அக்குலோவா, சூலை 26-ஆம் நாள் தளமரங்களின் இடுக்கில் ஒரு மரப்பட்டைச் சுருளைக் கண்டாள். பூர்ச்சமரம் என்பது வெண்பட்டை உடையது. அதன் பட்டைச்சுருள் மீன் தூண்டிலிற் கட்டும் தக்கை போலத் தோன்றும். தூக்கி எறிந்திருந்தால் அவளைக் குறை கூறுவார் யாருமிலர். அவளோ அதன்மேல் கீறல்கள் இருப்பதைக் கூர்ந்து நோக்கி, மேற்பார்வையாளரிடம் கொடுத்தாள். அதைக் கண்ட பேராசிரியர் சிறிதுபொழுது பேச்சற்று நின்றார் என்பர். பட்டையை வெந்நீரில் இட்டுத் தூய்மை செய்து, மெல்ல விரித்து, கண்ணாடிகளுக்கிடையே வைத்துப் படித்தனர். இன்னின்ன சிற்றூர்களிலிருந்து ஒருவனுக்கு வரவேண்டிய வருவாய்க் கணக்கு அது.

அன்பர்காள்! ஆரவாரமில்லாத ஒரு கணக்கோலை! ஆயினும் அதன் பின்னே ஆண்டுதோறும் ஓலைகள் வெளிவந்தன. இன்று அந்நகரில் மட்டும் கிடைத்தவை 1,100-க்கும் மிக்கன. மையின்றி, எலும்பினாலும் இரும்பினாலும் ஆகிய எழுத்தாணிகொண்டு பட்டையின் உட்புறத்தே கீறியவை அவை. பனையோலையில் எழுத்தாணிகொண்டு எழுதிய மரபில் வந்த நமக்கு இது புதிதன்று. நம் பாரத நாட்டிலும் காசுமீரம் முதலிய இமயச்சாரல் நாடுகளில் பூர்ச்சப்பட்டையே ஏடாக வழங்கியது.

எழுதியவர் யாவர்?

வேந்தர் திருமுகங்கள் அல்ல இவை. வேலைக்காரன் தலைவனுக்கும், தலைவன் மனைவிக்கும், குடியானவர் நிலக்கிழார்க்கும் எழுதியவை. படித்தபின் தெருவிலே எறிந்தவை.

12-ஆம் நூற்றாண்டில் கோஸ்தியாத்தா என்பாள் தன்னைச் சேர்ந்த ஒருவனுக்கு ஓலை விடுக்கின்றாள். தந்தையும் உறவினரும் தனக்களித்த பொருள் கணவனிடம் இருக்கின்றதென்றும், அவன் வேறொருத்தியை மணந்து, தனக்கு ஒன்றும் கொடாமல் தன்னைத் துரத்திவிட்டான் என்றும், உடனே வந்து உதவ வேண்டுமென்றும் முறையிடுகின்றாள். தாய்வீட்டுச் சீரை இழந்து நின்ற அப்பெண்ணின் குரல் ஏறத்தாழ எண்ணூறு ஆண்டு மண்ணுள் அடங்கிக் கிடந்தது. அவன் வந்தானோ, இலனோ, அறியோம்.

அதனினும் முற்பட்ட 11-ஆம் நூற்றாண்டின் இறுதியில் மற்றொருத்தி, மூன்று முறை ஆளனுப்பியும் வாராத ஒருவனை நோக்கி, என்மேல் உனக்கு என்ன மனக்குறை என்று வினவி எழுதுகின்றாள். 1993-ஆம் ஆண்டிற் கிடைத்த அவ்வோலை கிழிக்கப்பட்டு முடிச்சிடப்பட்டிருந்தது. பிறிதோர் ஓலையில் ஒருவன் ஒரு பெண்ணை மணம் கேட்டு, அதற்குச் சாட்சியின் பெயரையும் குறித்திருக்கின்றான்.

இன்பமே அன்று, இழிவும் உண்டு. 12-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஓலையொன்றில் ஒருவன், பிஸ்கோவ் நகரில் வாங்கிய அடிமைப்பெண் காரணமாக இளவரசி தன்னைப் பிடித்து வைத்ததையும், பிறர் பிணை நின்றதையும் எழுதுகின்றான். அப்பெண் களவாடப்பட்டவள். மனிதரை விலைக்கு வாங்கியும் விற்றும் வாழ்ந்தவர் அந்நகரத்தார் என்பதற்கு அவர்தம் கையெழுத்தே சான்றாயிற்று. முன்னோரை அகழ்வார் இதற்கும் துணிந்தே அகழ வேண்டும்.

ஒரு மனையில் 12-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒலிசெய் கிரேச்சின் என்னும் சமயகுருவும் ஓவியருமாகிய ஒருவர் வாழ்ந்தார். வண்ணக்குழம்புச் சிறு கலங்களும், தெய்வப்படம் வரைந்து தருமாறு வேண்டிய ஓலைகளும் அங்கே கிடைத்தன. பிறிதோர் இடத்தில் ஒன்த்சிஃபோர் என்பவரின் குடும்ப ஓலைகள் வெளிப்பட்டன. அவர் 1354-ஆம் ஆண்டில் நகரத்தலைமையைத் தாமே துறந்தார் என்று ஆண்டுக்குறிப்பு நூல் கூறும். ஏட்டிற் கண்ட பெயரே மண்ணிலும் கண்டபோது, அக்குடும்பம் குடியிருந்த மனை இதுவென்றும், அவர் மகனுக்குக் குடியானவர் எழுதிய முறையீடுகள் இவையென்றும் அறியலாயிற்று.

ஒன்பீம் என்னும் சிறுவன்

ஆசிரியராகிய எமக்கு மிகவும் இனியவன் ஒன்பீம் என்னும் சிறுவன். 13-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் வாழ்ந்தவன். ஆறேழு வயதினன் என்று கருதுவர். அவன் எழுதிப் பழகிய பட்டைகள் 1956-ஆம் ஆண்டு சூலைத் திங்களில் ஓரிடத்தே கிடைத்தன. ஒரு கூடையின் அடிப்பட்டையில் நெடுங்கணக்கையும், நாம் க, ங, ச என்று பயிற்றுதல்போல, ப, வ, க என உயிர்மெய் வரிசையையும் எழுதியிருக்கின்றான். மறுபுறத்தே ஒரு விலங்கின் உருவை வரைந்து, தான் காட்டு விலங்கு என்று அதன்பால் எழுதி, தன் தோழன் தனிலோவுக்கு வணக்கமும் கூறுகின்றான். மற்றொரு பட்டையில் நெடுங்கணக்கு எழுதத் தொடங்கிச் சில எழுத்துக்களோடு சலித்து, குதிரைமேலிருந்து பகைவனை ஈட்டியாற் குத்தும் வீரனை வரைந்து, அவ்வீரன் அருகே தன் பெயரையே பொறித்துவிட்டான்! அவன் வரைந்த மனிதர்க்குக் கைவிரல் எண்ணிக்கை ஆளுக்கு ஆள் வேறாயிருக்கும்.

இருபது ஆண்டாக வகுப்பறையில் நிற்கும் யாம் ஒன்பீமை நன்கறிவோம். ஒவ்வோராண்டும் மூன்றாம் வரிசையில் அவன் அமர்ந்திருப்பான். ஏட்டின் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்ததற்காக எத்தனை ஒன்பீம்களை யாம் எழுப்பி நிறுத்தியிருக்கிறோம்! அவன் எழுதிய பாடம், அக்காலத்துச் சிறுவர் எம்முறையில் எழுத்துக் கற்றனர் என்பதற்குச் சான்று. அவன் வரைந்த படம், அவர்கள் சிறுவராகவே இருந்தனர் என்பதற்குச் சான்று.

பிழையென்று கருதியது பிழையன்று

இனித் தமிழாசிரியன் என்ற முறையில் ஒன்று கூற வேண்டும். இவ்வோலைகளை முதலிற் படித்தோர், எழுத்துப்பிழை மலிந்திருத்தலைக் கண்டு, கல்வியில்லாதார் எழுதிய கொச்சை என எண்ணினர். ஆந்திரேய் சலிஸ்னியாக் என்னும் மொழிநூற் பேரறிஞர் ஓலைகளையெல்லாம் ஒருங்கு வைத்து ஆராய்ந்தார். பிழையாகத் தோன்றியவை பெரும்பாலும் பிழையல்ல. சில உயிரெழுத்துக்களை ஒன்றற்கொன்று மாற்றி எழுதுவது அந்நகரத்தாரின் அன்றாட எழுத்து முறை. அம்முறைக்கும் ஒழுங்குண்டு என்று நாட்டினார். அதுவுமன்றி, அவர்கள் பேசிய மொழி ஏட்டுமொழியின் சிதைவன்று, தனக்கெனத் தொன்மையான இயல்புகள் உடைய வழக்கு என்பதும் புலனாயிற்று. பிற ஸ்லாவிய மொழிகளில் சில உயிர்களின் முன்னே திரிந்துபோன ககரம் இவர்கள் வாயில் திரியாமல் நின்றது. தமிழில் "செவி" எனத் திரிந்த சொல் கன்னடத்தில் "கிவி" எனக் ககரத்தோடே நிற்றலை இதற்கு ஒப்பாகக் கொள்ளலாம். கல்லாதார் வழக்கென்று தள்ளியதனுள் மொழியின் பழைய எலும்பு இருந்தது.

1957-ஆம் ஆண்டிற் கிடைத்த ஓர் ஓலையோ ரஷ்ய எழுத்தால் எழுதப்பட்டும் ரஷ்ய மொழியன்று. பின்லாந்து மொழியினத்தைச் சார்ந்தது. அவ்வினத்து மொழிகளில் இதுவரை கிடைத்தவற்றுள் மிகப் பழைய எழுத்துச்சான்று அதுவே. ஒரே மொழியினர் வாழ்ந்த ஊர் என்று யாரும் இனிச் சொல்ல இயலாது.

ஏட்டை மண் திருத்தியது

ஓலையல்லாத பொருள்களும் வாய் பேசின. சீப்புச் செய்த புன்னிற மரம் தெற்கே காக்கசு மலைப்பக்கத்தினின்று வந்தது. அம்பர் பால்டிக் கடற்கரையினின்று வந்தது. நூல்நூற்கும் கதிரில் இடும் இளஞ்சிவப்புக் கல்வளையங்கள் கீவ் நாட்டுப் பக்கத்தினின்று வந்தன. தோல் துண்டுகள் குவிந்த இடத்தைக் கண்டு செருப்புத் தைப்போர் மனை இதுவெனத் தெளிந்தனர். கத்திகளின் இரும்பை அறுத்து நோக்கி, கொல்லர் எஃகையும் இரும்பையும் எம்முறையில் இணைத்தனர் என்றும், பின்னாளில் மிகுதியாக விற்கும்பொருட்டு அம்முறையை எங்ஙனம் எளிதாக்கினர் என்றும் கண்டனர். கம்மியர் பெருமையைப் பாடிய புலவன் அந்நாட்டிலும் இலன். அவர்தம் கத்தியே அதனைக் கூறிற்று.

அரசியல் வரலாறும் திருத்தம் பெற்றது. வரிப்பொருள் நிறைந்த மூட்டையைக் கட்டிப் பூட்டும் சிறு மரவுருளைகள் சில, 10-ஆம் நூற்றாண்டு முதல் உள்ள அடுக்குகளிற் கிடைத்தன. வரி கொள்பவன் இளவரசன் ஆதலின் அவை அவன் இருப்பிடத்தில் இருத்தல் வேண்டும் என்று நாம் எதிர்பார்ப்போம். ஆனால் அவை கிடைத்தன நகரத்துக் குடும்பத்தாரின் மனைகளில். இதனைக்கொண்டு வலெந்தின் யானின் என்னும் அறிஞர், இளவரசனை வரவழைத்த தொடக்கக் காலத்திலேயே வரி தண்டும் உரிமையை நகரத்தார் தம் கையில் வைத்துக்கொண்டனர் என்றும், அந்நகரின் தன்னாட்சிக்கு அதுவே வேர் என்றும் விளக்கினார்.

2000-ஆம் ஆண்டு சூலை 13-ஆம் நாள் மெழுகு பூசிய மூன்று மரப்பலகைகள் ஒரு சுவடியாகக் கிடைத்தன. 11-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியைச் சார்ந்த அச்சுவடியில் கிறித்தவ மறையின் சங்கீதங்கள் எழுதப்பட்டிருந்தன. ரஷ்ய நாட்டில் இதுவரை அறியப்பட்ட சுவடிகளுள் மிகப் பழையது அது. தொடங்கி 68 ஆண்டு அகழ்ந்தபின் அது கிடைத்தது என்பதை நம் பொறுமையற்ற இளைஞர் நினைக்க வேண்டும்.

எமது குற்றம்

பெரியோர்களே! இனி எமது குற்றமொன்றை இவ்வவையில் ஒப்புக்கொள்ள விரும்புகிறோம். யாம் புலவர் பட்டம் பெற்று வந்த காலத்தில் எம் பாட்டனார் வாழ்ந்த ஓட்டுவீட்டை இடித்துப் புதிதாகக் கட்ட நேர்ந்தது. பரணில் ஒரு மரப்பெட்டி நிறையப் பனையோலை இருந்தது. தமிழ் கற்றவன் என்று எம்மையே அதனைப் பார்க்கச் சொன்னார்கள். யாம் இரண்டு நாள் பார்த்தோம். ஒரு நிகண்டும், ஒரு புராணத்தின் சிதைந்த பகுதியும் இருந்தன. அவற்றை எடுத்து வைத்துக்கொண்டோம். எஞ்சியவை கடன் கணக்கு, நெல் அளந்த கணக்கு, எவரோ எவர்க்கோ எழுதிய கடிதங்கள். எழுத்தும் புரியவில்லை, புள்ளியில்லை, மொழியும் கொச்சை. எம் அத்தையார் ஒருவர், தம் பாட்டியார் திருமணத்திற் கொடுத்த சீர்வரிசை அவற்றுள் எழுதியிருப்பதாகச் சொல்லக் கேட்டதுண்டு என்றும், நன்றாகப் பார்த்துவிடுமாறும் கூறினார். இவை இலக்கியம் அல்ல என்று யாம் விடை கூறினோம். ஆடிப்பெருக்கன்று அவ்வோலைகள் ஆற்றோடு போயின. எம் கையாலேயே விட்டோம்.

பல ஆண்டு கழித்துக் கோஸ்தியாத்தாவின் ஓலையைப்பற்றிப் படித்தபோது எம் அத்தையார் முகம் நினைவிற்கு வந்தது. அவர் அப்பொழுது இவ்வுலகில் இலர். கைநாட்டு வைக்கும் அளவே கற்ற அவர் கேட்ட கேள்வி ஆராய்ச்சியாளன் கேள்வி. பட்டம் பெற்ற யாம் கூறிய விடை அறியாமை. எடுத்து வைத்த நிகண்டிற்கு வேறு படி எங்கேனும் கிடைக்கும். எறிந்த சீர்வரிசைக்கு வேறு படி இவ்வுலகில் இல்லை. "நம் முன்னோர் பெருமை" பேச வந்த எமக்கு, எம் முன்னோர் எழுதியவற்றுள் ஒரு வரியும் கைவசம் இல்லை.

நாம் செய்யத்தக்கது

இதனைக் கூறியதற்குக் காரணம் உண்டு. நம் சங்கத்துப் பழைய சத்திரத்தை இடித்து, அவ்விடத்தே திருமண மண்டபம் எழுப்பத் தீர்மானம் ஆகியிருக்கின்றது. மண்டபம் வேண்டுவதே; அதனை யாம் தடை செய்யோம். ஆனால் சில ஆண்டுக்கு முன் அச்சத்திரத்தின் பின்கட்டில் கழிநீர்த்தொட்டிக்குக் குழி தோண்டியபோது, ஆளுயரத்திற்குக் கீழே அகன்ற பழஞ்செங்கலும், சுடுமண் உறைகிணற்றின் விளிம்பும் தோன்றியதை நம்முள் பலர் கண்டனர். யாமும் கண்டோம். அவற்றை உடைத்துத் தெருப்பள்ளத்தை நிரப்பினோம். அது எக்காலத்துக் கிணறு, யார் நீர் முகந்தனர் என்பது அன்றோடு போயிற்று.

நோவ்கோரத்தில் 1960-களின் இறுதியில் ஊராட்சியார் ஒரு விதி வகுத்தனர். பழைய நகரெல்லைக்குள் கட்டடம் எழுப்புவோர், கடைக்கால் தோண்டுமுன் அவ்விடத்தை அகழ்வாராய்ச்சிக்கு விடல் வேண்டும் என்பது அது. அதனாற் கட்டடங்கள் நின்றுபோகவில்லை. சிறிது காலந் தாழ்த்து எழுந்தன. நம் நாட்டிலும் நிலத்தடியில் கிடைக்கும் பழம்பொருளை அரசினர்க்கு அறிவிக்க வேண்டும் என்னும் புதையற் சட்டம் 1878 முதல் உண்டு. 1961 முதல் தமிழ்நாட்டு அரசின் தொல்லியல் துறையும் உண்டு. ஆகவே மூன்று வேண்டுகோள்களை இவ்வவைமுன் வைக்கிறோம்.

முதலாவது, சத்திரத்து நிலத்தில் கடைக்கால் தோண்டுமுன் தொல்லியல் துறையார்க்கு எழுதி, அவர்களை வந்து பார்க்கச் செய்தல் வேண்டும். நாமே மண்வெட்டி எடுத்துப் புதையல் தேடுதல் கூடாது. இடமும் ஆழமும் குறியாமல் எடுத்தது சான்றாகாது என்று முன்னர்க் கூறினோம்.

இரண்டாவது, உங்கள் வீட்டுப் பரணிலும் பெட்டியிலும் உள்ள ஓலை, செப்பேடு, பழைய பத்திரம், கணக்குப் புத்தகம், கடிதம் எதனையும் எறியாதீர்கள். நம் மண்ணின் வெப்பமும் கரையானும் ஓலையை விட்டுவையா; நோவ்கோரத்துச் சேறு நமக்கில்லை. ஓலையைப் பொறுத்தவரை நமக்கு மண் பரணேயாகும். அதனைக் காப்பதும் நம் கையே. அவற்றின் பட்டியலை நம் வாசகசாலையில் எழுதி வைப்போம். படிக்க இயலாதவற்றைச் சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தார்க்கோ, தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார்க்கோ காட்டுவோம். ஓலையெழுத்துப் பயில விரும்பும் இளைஞர்க்கு ஞாயிறுதோறும் எமக்குத் தெரிந்த அளவு கற்பிக்க யாம் உடன்படுகிறோம்.

மூன்றாவது, கிடைப்பது எதுவாயினும் ஏற்றுக்கொள்ளும் மனம் வேண்டும். மண்ணுள் வேந்தன் முடி இராது. உடைந்த பானையும், மணியும், காசும் இருக்கலாம். நம் முன்னோர் வட்டி வாங்கினர், ஆளடிமை வைத்திருந்தனர், பக்கத்து மனையாரோடு வழக்காடினர் என்றும் ஓர் ஓலை கூறலாம். அதனையும் மறைக்காமல் நம் மாத இதழில் வெளியிடுவோம். பிற குலத்தார் நம் தெருவில் நமக்கு முன்னே வாழ்ந்தனர் என்று தெரியவரின், அதனையும் எழுதுவோம். நல்லதை மட்டும் ஏற்பேன் என்பார்க்கு வரலாறு வேண்டா, புகழ்மாலையே போதும்.

சத்திரத்தின் கடைக்கால் வருகிற தைத்திங்களில் தோண்டப்பெறும் என்று அறிகிறோம். ஆகையால், முதல் வேண்டுகோளை இக்கூட்டத்திலேயே தீர்மானமாக முன்மொழியுமாறு அவைத்தலைவர் அவர்களை வணங்கிக் கேட்டுக்கொள்கிறோம்.